புதுப்பிப்பு: கிரீன் கார்டு வருமுன் வேலை மாறினேன், குடியுரிமை கிடைத்ததா?

கிடைத்துவிட்டது. போன வாரம் உறுதிமொழியும் எடுத்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முன்பு கேட்டது இதுதான்: ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருந்தபோதே ஸ்பான்சர் செய்த கம்பெனியை விட்டு வேறு இடத்துக்குப் போனேன், கார்டு அதன் பிறகுதான் வந்தது. இப்போது என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போட்டால் பழசைக் கிளறுவார்களா?

கிளறினார்கள். கடைசி ஐந்து வருட வேலை விவரம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. ஸ்பான்சர் கம்பெனி பெயர் அதில் இல்லை என்பதை நேர்காணலில் அதிகாரி உடனே பிடித்துவிட்டார். கார்டை முறைப்படிதான் வாங்கினோமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. "ஐ-485 ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் காப்பாற்றியது. நான் மாறியது ஐ-485 போட்ட 214ஆம் நாள். 180 நாள் தாண்டிவிட்டால் அதே வகை அல்லது ஒத்த வகை வேலைக்கு மாறலாம் என்கிறது 2000ஆம் ஆண்டின் ஏசி21 சட்டம். ரசீது, சப்ளிமெண்ட் ஜே (புது வேலையை உறுதிசெய்யும் படிவம்) நகல், இரண்டு கம்பெனிகளின் பணி விவரக் கடிதங்கள், எல்லாவற்றையும் நீட்டினேன். பத்து நிமிடம் புரட்டினார்.

எதிர்பாராதது ஒன்று: பழைய கம்பெனி என் ஐ-140ஐ (கார்டுக்காக எனக்கு அவர்கள் போட்ட மனு) திரும்பப் பெற்றிருந்ததாம்! எனக்கே அன்றுதான் தெரியும். வியர்த்துவிட்டது. மனு ஒப்புதலாகி 180 நாளுக்குப் பிறகு திரும்பப் பெற்றதால் பாதிப்பில்லை என்று அவரே சொன்னார்.

குடிமையியல் கேள்விகள் சுலபம். அப்புறம், சப்ளிமெண்ட் ஜே நகலைப் பழைய மின்னஞ்சல்களில் இரண்டு நாள் தேடினேன். உங்களுடையதை இப்போதே எடுத்து வையுங்கள்.