குதிரை ஜி5-க்கு வந்தால் ரேபிட் சதுரங்க ஆட்டத்தில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 15 நிமிடமும் நகர்வுக்கு 10 விநாடியும் கொண்ட ரேபிட் போட்டியில் கறுப்பில் ஆடித் தோற்றேன். வெள்ளை தன் பிஷப்பை சி4 கட்டத்தில் வைக்கும் இத்தாலியத் தொடக்கத்தில் நான் எஃப்6 கட்டத்தில் குதிரையை வைத்ததும் எதிராளி தம் குதிரையை ஜி5-க்கு ஏற்றினார். டி5-க்குச் சிப்பாயைத் தள்ளினேன். அவர் வெட்ட, நானும் யோசிக்காமல் குதிரையால் வெட்டினேன். உடனே எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து, ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து செக் வைத்தார். டி5 குதிரையைக் கைவிடாமலிருக்க ராஜாவை இ6-க்கு நடத்தியபோது எனக்கு 13 நிமிடம் மீதமிருந்தது. அவருடைய இன்னொரு குதிரை சி3-க்கு வந்ததும், ஒரே நகர்வுக்கு ஆறு நிமிடம் செலவழித்தேன். 19-ஆம் நகர்வில் மாட். எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
குதிரையால் வெட்டியதுதான் பிழை. 'வறுத்த ஈரல்' என்று பெயர்பெற்ற இந்தத் தாக்குதல், ஏறத்தாழ 1610-இல் இத்தாலியரான பொலேரியோ ஆடிய காலத்திலிருந்தே கறுப்பை வாட்டி வருகிறது. அவருடைய குதிரை சி3-க்கு வந்த நிலையில், உங்கள் சி6 குதிரையை பி4-க்கு அனுப்பினால் டி5-க்குக் காவல் கிடைக்கும், சி2-க்கும் குறி வைக்கலாம். ஆனாலும் நடுப்பலகையில் நிற்கும் ராஜாவைக் கடிகாரம் ஓட ஓடக் காப்பது பெரும்பாடு. டி5-இல் வெட்டுவதற்குப் பதிலாக சி6 குதிரையை ஏ5-க்கு அனுப்பி, சி4 பிஷப்பைத் தாக்குங்கள். பி5-இலிருந்து பிஷப் செக் வைத்தால் சி6-க்குச் சிப்பாயைத் தள்ளி மறையுங்கள். அவர் வெட்டினால் பி சிப்பாயால் வெட்டுங்கள். பிஷப் இ2-க்குப் பின்வாங்கியதும் எச்6, பிறகு இ4 என்று சிப்பாய்களால் அந்தக் குதிரையை இரண்டு முறை விரட்டலாம். ஒரு சிப்பாய் குறைந்தாலும் உங்கள் காய்கள் விரைவாக வெளியே வரும்.

மறுமொழி 2:
டி5-க்குச் சிப்பாயைத் தள்ளாமல், எஃப்7-ஐயும் பொருட்படுத்தாமல் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவரும் டிராக்ஸ்லர் முறையை நெடுநாள் விரும்பி ஆடினேன். குதிரையால் எஃப்7-ஐ வெட்டுபவர்கள், எஃப்2-இல் பிஷப் பாய்ந்ததும் திணறுவார்கள். பிஷப்பால் வெட்டிவிட்டு பி3-க்குத் திரும்புபவர்களிடமோ சிப்பாயையும் கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும்) உரிமையையும் இழந்து நிற்போம். அதனால் அதை விட்டுவிட்டேன். இந்தச் சிக்கலே வேண்டாமென்றால், மூன்றாம் நகர்விலேயே குதிரைக்குப் பதிலாக பிஷப்பை சி5-க்குக் கொண்டுவாருங்கள்; அப்போது ஜி5-க்கு வரும் குதிரையை உங்கள் ராணியே வெட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஏ5 வழியைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். பிஷப் இ2-க்குப் போகாமல் டி3-க்குப் போனால் இ4-க்குச் சிப்பாயைத் தள்ள முடியவில்லையே?

மறுமொழி 1:
சரியாகக் கவனித்தீர்கள். அப்போது எஃப்6 குதிரையை டி5-க்கு நகர்த்துங்கள். ராணியின் பாதை திறந்து ஜி5 குதிரை தாக்கப்படும். அது எஃப்3-க்குத் திரும்பினால், பிஷப்பை டி6-இல் வைத்து இ5 சிப்பாயைக் காத்துக்கொண்டு கோட்டை கட்டுங்கள்.