வொர்க்ஸ்பேஸ்: ‘பணியிடம்’ வேண்டாம், ‘பணிக்களம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருள்களின் மேற்பரப்புத் தோற்றத்தை உருவாக்கும் மென்பொருளான சப்ஸ்டன்ஸ் டிசைனரின் சொற்களைத் தமிழாக்கும்போது, அதன் வொர்க்ஸ்பேஸுக்கு, அதாவது நாம் வேலை செய்யும் திரை முழுவதற்கும், ‘பணியிடம்’ என்ற சொல்லே போதும் என்று நம் குழுவுக்கு வந்த சென்ற மடலில் எழுதப்பட்டிருந்தது. ‘ஆசிரியர் பணியிடங்கள் காலி’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அச்சொல் வேலைவாய்ப்பைத்தான் நினைவூட்டும். ஆகவே ‘பணிக்களம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

நாகர்கோவிலில் என்னிடம் இம்மென்பொருளைக் கற்கும் மாணவர்களில் பலர் நாஞ்சில் நாட்டு வயற்புற ஊர்களைச் சேர்ந்தவர்கள். களம் என்றதும் அவர்கள் மனத்தில் எழுவது ஒரே திறந்தவெளி: ஒருபுறம் கதிரடிப்பார்கள், காற்று வாகான பக்கம் தூற்றுவார்கள், நடுவில் பொலி குவியும், ஓரத்தில் வைக்கோல் சேரும். இடையில் சுவர் கிடையாது. ஒரு வேலையில் வெளிவருவது அடுத்த வேலைக்குப் போகிறது. இம்மென்பொருளின் திரையும் அவ்வாறே அமைந்தது. கணுக்களை (நோடு, அதாவது ஒவ்வொரு வேலையையும் செய்யும் சிறு கட்டங்களை) இழைகளால் இணைக்கும் பின்னல் நடுவில் இருக்கிறது. அருகில் இருபரிமாணக் காட்சியும் முப்பரிமாணக் காட்சியும், வேறொரு பக்கம் பண்புகளும், ஆயத்தக் கணுக்கள் அடங்கிய நூலகமும் இருக்கின்றன.

இவற்றுக்கு இடையிலுள்ள உறவு புரியாவிட்டால் எவரும் வழி தவறுவர். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்துப் பளபளக்கும் தரையை, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டது என்று சொல்லப்படுகிற அந்தத் தரையை, பயிற்சியாகக் கொடுத்திருந்தேன். மயிலாடியிலிருந்து வரும் ஒரு மாணவி சொரசொரப்புக்கான கணுவை ஒருமுறை சொடுக்கி, அதன் மதிப்பை 1-இலிருந்து 0-ஐ நோக்கி நகர்த்திக்கொண்டே இருந்தார். இருபரிமாணக் காட்சியிலோ முப்பரிமாணக் காட்சியிலோ எதுவும் மாறவில்லை. ஒருமுறை சொடுக்கினால் அக்கணுவின் பண்புகள் மட்டுமே திறக்கும், இருமுறை சொடுக்கினால்தான் இருபரிமாணக் காட்சி அக்கணுவுக்கு மாறும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அங்கே முன்பு திறந்த வேறொரு கணுவின் படமே நின்றுகொண்டிருந்தது. பின்னலின் வெளியீடுகளை முப்பரிமாணக் காட்சிக்கு அனுப்பும் கட்டளையையும் அவர் கொடுத்திருக்கவில்லை. பின்னலின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி அதைக் கொடுத்தபின், மதிப்பு குறையக் குறைய முப்பரிமாணக் காட்சியிலிருந்த உருண்டையின் மேல் ஒளி கூர்மையாகி, தரை பளபளக்கத் தொடங்கியது. ‘பணியிடம்’ என்று சொல்லித் தந்தபோது, திரையின் இப்பகுதிகள், அதாவது பலகங்கள், எல்லாம் எப்போதும் ஒரே பொருளையே காட்டும் என்று அவர் நம்பியிருக்கிறார். களம் என்றிருந்தால், ‘தூற்றுகிற இடத்துக்கு நெல்லை அள்ளிக் கொண்டுபோனாயா?’ என்று கேட்டே விளக்கியிருப்பேன்.

களம் என்றால் போர்க்களம் நினைவுக்கு வரும் என்பது ஒரு மறுப்பு. ‘பணி’ என்ற முன்னொட்டு அதைத் தடுத்துவிடும். ஆடுகளம் என்று சொல்லும்போது எவரும் போரை நினைப்பதில்லையே. டொமைன் என்பதற்கு ‘ஆள்களம்’ வழங்குகிறது என்பது இன்னொரு மறுப்பு. இரண்டும் முழுச் சொற்களாகவே வழங்குவதால் குழப்பத்துக்கு இடமில்லை. ‘பணிப்பரப்பு’ நல்ல சொல்தான். ஆனால் மேற்பரப்புகளை உருவாக்கும் மென்பொருளில் பரப்பு என்ற சொல்லை இன்னொன்றுக்கும் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நோடு என்பதற்கு ‘முடிச்சு’ வேண்டாம், ‘கணு’வே இருக்கட்டும்: முடிச்சு அவிழ்க்க வேண்டியது, கரும்பிலோ மூங்கிலிலோ அடுத்த தளிர் கிளம்புவது கணுவிலிருந்துதான்.

பலகத்தைக் களத்தின் விளிம்பில் சேர்த்து நிறுத்தும் ‘டாக்’ செயலுக்கு, படகு கரையணைவதை வைத்து ‘அணை’ என்று நம் கடற்கரைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். சொல் அழகானது, ஆனால் பொத்தானில் ‘அணை’ என்றிருந்தால் பயனர் அதை, விளக்கை அணைப்பதுபோல், பலகத்தை மூடுவதற்கானது என்றே எடுத்துக்கொள்வார். அதனால் ‘பொருத்து’, ‘கழற்று’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். இவற்றினும் குறுகிய வினைச்சொற்கள் தோன்றினால் எழுதுங்கள்.