15 சதவீத லாபத்தைச் செயலி 7.1 என்று காட்டுகிறது, அவசர உதவி தேவை

துளிர்:
வணக்கம். மியூச்சுவல் ஃபண்ட் திட்டம் ஒன்றில் போட்டது 2,00,000. இப்போதைய மதிப்பு 2,30,000. லாபம் 30,000, அதாவது 15 சதவீதம். செயலியைத் திறந்தால் 7.1 சதவீதம் என்கிறது. பாதிகூட இல்லை. மீதி எங்கே போனது? கட்டணம் ஏதாவது பிடித்துவிட்டார்களா? பணத்தை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

மணல்வீடு:
எப்போது போட்டீர்கள்?

வரப்பு:
கட்டணமேதான். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

மணல்வீடு:
வரப்பு, கட்டணம் போக மிச்சம்தானே அந்த 2,30,000? நிர்வாகக் கட்டணத்தை யூனிட் விலையிலேயே கழித்துவிடுகிறார்கள். 15, 7.1 இரண்டுமே கழித்த பிறகு வந்த எண்கள்தான். வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

பழுத்த_கணக்கு:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். எவ்வளவு என்று சொல்கிறீர்கள், எத்தனை வருடத்தில் என்று மட்டும் சொல்வதில்லை. கூட்டுவட்டிப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த இழையே வேண்டியதில்லை. 15 என்பது மொத்த லாபம், செயலி காட்டுவது ஆண்டுக்கு. 1.15-க்கு வர்க்கமூலம் 1.072. ஆக, போட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. முடிந்தது.

துளிர்:
இரண்டு இல்லை சார், மூன்று வருடம்.

நெய்தல்:
மூன்று வருடம் என்றால் 1.15-க்குக் கனமூலம் எடுக்க வேண்டும். 4.8 சதவீதம்தான் வரும். செயலி அதைவிடக் கூடுதலாக 7.1 காட்டுகிறதே! துளிர், நடுவில் பணம் சேர்த்தீர்களா?

துளிர்:
ஆமாம். 01.01.2022-இல் 1,00,000. 01.01.2024-இல் இன்னொரு 1,00,000. மதிப்பு 01.01.2025 அன்று பார்த்தது. கூட்டினால் 2,00,000 தானே, அதனால்தான் பிரித்துச் சொல்லவில்லை.

மணல்வீடு:
விஷயமே அங்கேதான் இருக்கிறது. முதல் லட்சம் மூன்று வருடம் உழைத்திருக்கிறது, இரண்டாவது ஒரே வருடம். இரண்டுக்கும் ஒரே காலம் போட்டுக் கணக்குப் பார்க்க முடியாது. எக்செல்லில் எக்ஸ்ஐஆர்ஆர் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது, ஒவ்வொரு தொகையும் எவ்வளவு காலம் உள்ளே இருந்தது என்று பார்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். ஒரு வரிசையில் தொகை, பக்கத்து வரிசையில் தேதி. போட்ட இரண்டையும் கழித்தல் குறியோடு எழுதுங்கள், இன்றைய மதிப்பைக் கூட்டலாக எழுதுங்கள். குறியை விட்டுவிட்டால் '#நம்!' என்று பிழை வரும்.

கையால் சரிபார்க்க வேண்டுமா? 1.071-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.2285. முதல் லட்சம் 1,22,850 ஆகிறது, இரண்டாவது 1,07,100. கூட்டினால் 2,29,950. கிட்டத்தட்ட உங்கள் 2,30,000. செயலி சொல்வது சரிதான், யாரும் எதையும் பிடிக்கவில்லை.

பழுத்த_கணக்கு:
மூன்று வருடமும் ஒரு வருடமும் சேர்ந்தால் சராசரி இரண்டு. நான் சொன்னதும் அதேதான்.

நெய்தல்:
இரண்டு தொகையும் சமமாக இருந்ததால் 7.2 வந்தது, அதுவும் தோராயமாக. இரண்டாவது முறை 5,00,000 போட்டிருந்தால் அந்தச் சராசரி உதவாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். துளிர், இரண்டாவது லட்சம் போடும் முன் மதிப்பு எவ்வளவு இருந்தது?

துளிர்:
1,24,000. சூத்திரம் போட்டுப் பார்த்தேன், '#வேல்யூ!' என்று வருகிறது.

நெய்தல்:
அப்படியானால் பாருங்கள். முதல் இரண்டு வருடத்தில் 24 சதவீதம். மூன்றாம் வருடம் 2,24,000 வெறும் 2,30,000 ஆனது, 2.7 சதவீதம்தான். 1.24-ஐ 1.027-ஆல் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் ஆண்டுக்கு 8.4. திட்டம் வளர்ந்தது 8.4, உங்கள் பணம் வளர்ந்தது 7.1. மந்தமான வருடத்தில்தான் உங்கள் பணம் அதிகமாக உள்ளே இருந்தது. திட்டம் நல்லதா என்று பார்க்க 8.4-ஐத்தான் எடுக்க வேண்டும்.

பழுத்த_கணக்கு:
கைக்கு வராத 8.4-ஐ வைத்து என்ன செய்வது? எக்ஸ்ஐஆர்ஆர் மட்டுமே உண்மையான லாபம். மற்றதெல்லாம் விளம்பரத்துக்கு.

நெய்தல்:
எப்போது பணம் போடுவது என்பது துளிர் எடுத்த முடிவு, நிதி மேலாளர் எடுத்தது இல்லை. அதற்கு மேலாளரைப் பொறுப்பாக்கக் கூடாது என்பதால்தான் திட்டங்களைக் காலஎடையில், அதாவது எப்போது எவ்வளவு போட்டோம் என்பதைச் சேர்க்காமல் 8.4 வந்த முறையில், ஒப்பிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

சுமைதாங்கி:
எதற்கு இவ்வளவு? ஒவ்வொரு வருட சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா?

மணல்வீடு:
போதாது. 100 முதல் வருடம் 50 சதவீதம் ஏறினால் 150. அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கினால் 75. சராசரி பூஜ்யம் என்று வரும், கையில் கால்வாசி போயிருக்கும்.

வரப்பு:
துளிர், அந்தப் பிழைக்கு வருகிறேன். தேதி கட்டத்துக்குள் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, வலது ஓரத்திலா? இடது என்றால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது. நடுவில் புள்ளி வைத்தால் பல கணினிகளில் இப்படி ஆகும். சாய்கோடு போட்டு அடித்துப் பாருங்கள், வலது பக்கம் போய்விடும்.

துளிர்:
வந்துவிட்டது, 7.1. புள்ளிதான் காரணம். பணத்தை இப்போதைக்கு எடுக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஈரநிலம்:
இதையே நானும் கேட்கிறேன். போட்டதில் 2 சதவீதம் ஏறியிருக்கிறது, என் செயலி 27 சதவீதம் காட்டுகிறது. நம்பலாமா?

மணல்வீடு:
போட்டு ஒரு மாதம் ஆகியிருக்குமா? 1.02-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.268. இதே வேகத்தில் வருடம் முழுக்க ஏறினால் என்ற கணக்கு அது. ஒரு வருடம் முடியும்வரை அந்த எண்ணை விட்டுவிட்டு 2 சதவீதத்தையே பாருங்கள். மேலே கேட்க வேண்டுமென்றால் போட்ட தேதிகளோடு தனி இழையாகப் போடுங்கள்.