மறு: இன்சுலினைப் பிடிக்கும் எதிரிக்கு என்ன பெயர்?

> ஆட்டோ ஆன்டிபாடிக்குத் 'தன்பிறபொருளெதிரி' என்றே வைத்துவிடலாமே. இதில் என்ன யோசனை?

அண்ணா, வணக்கம். இலங்கைப் பாடநூலில் ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி என்றுதான் பெயர். பிற பொருளை எதிர்ப்பது. ஆட்டோ ஆன்டிபாடியோ உடலின் சொந்தப் பொருளையே எதிர்ப்பது. அதன் முன்னால் 'தன்' போட்டால், தன்னதா பிறதா? 'பிற'வை எடுத்துவிட்டுத் தன்பொருளெதிரி என்போம்.

இன்னொருவர் சொன்ன 'இன்சுலின்பற்றி' அழகுதான். ஆனால் ஓர் இடைவெளி விழுந்தால் கட்டுரைத் தலைப்பாகிவிடும்!

'இன்சுலின்தடுப்பான்' மட்டும் வேண்டாம். 1970இல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் விவரித்த நோயைப் பாருங்கள். ஊசியே போடாதவரின் உடலில் இன்சுலினுக்கு எதிரி உருவாகிறது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலினை அது பிடித்து வைக்கிறது, சீனி ஏறுகிறது. சில மணி நேரம் கழித்துப் பிடி நழுவ, வேண்டாத நேரத்தில் இன்சுலின் வேலை செய்து சீனி சடாரென்று இறங்குகிறது. வியர்வை, நடுக்கம், சிலருக்கு மயக்கம். இரத்தத்தில் இன்சுலினை அளந்தால் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக இருக்கும். தைரொயிட்டுக்குக் கொடுக்கும் கார்பிமசோல், சத்து மாத்திரையாக விற்கும் அல்பா லிப்போயிக் அமிலம் போன்றவை இதைத் தூண்டலாம். இதில் தடுப்பு எங்கே, விடுப்பு எங்கே?

மற்றது, உயிர்க்கலத்தில் இன்சுலின் வந்து ஒட்டும் இடமான இன்சுலின் வாங்கியையே பிடிக்கும் எதிரி. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அலகு இன்சுலின் ஏற்றியும் சீனி இறங்காமல் போகலாம். கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடிக்கும். லூப்பசு (உடல் தன்னையே தாக்கும் ஒரு நோய்) உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே எதிரி சில வேளை இன்சுலின் போலவே வாங்கியைத் தூண்டிச் சீனியை இறக்கியும் விடும். ஆகவே செய்யும் வேலையை வைத்துப் பெயரிடாமல், பிடிக்கும் இடத்தை வைத்து இடுவோம்: இன்சுலின் தன்பொருளெதிரி, இன்சுலின்வாங்கித் தன்பொருளெதிரி.

ஒரு சங்கடம். திருகோணமலையில் கிளினிக்குக்கு வருபவர்களுக்கு விளக்கத்தாள் எழுதுகிறேன். இங்கே நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் 'எதிரி' என்பார்கள். தாளை வாசித்த நிலாவெளி அம்மா ஒருவர், "எதிரியெண்டு போட்டிருக்கு, என்ன தம்பி வழக்கு?" என்று கேட்டார். அவருக்கு "சீனி ஏறி இறங்கிற வருத்தம்" என்றே சொன்னேன். கலைச்சொல் மருத்துவக் குறிப்புக்கு இருக்கட்டும்.

---

தம்பி, தன்பொருளெதிரி எனக்குச் சம்மதம். 'வாங்கி'தான் இடிக்கிறது. உங்களுக்கு ஒலிவாங்கி பழக்கம். சென்னையில் வாங்கி என்றால் கடன் வாங்கியவர் ஞாபகம்தான் வரும். நாங்கள் ஏற்பி என்போம். இரண்டையும் சாய்கோடு போட்டு அகராதியில் ஏற்றிவிடலாமா? அப்புறம், இன்சுலினைப் பிடிக்கும் எதிரி, கணையம் தாக்கப்படும் முதலாம் வகை நீரிழிவிலும் காணப்படுவதுண்டு. அங்கே அது நோய்க்கு அடையாளம், சீனியை இப்படி ஆட்டிப்படைப்பதில்லை. அதனால் பொருளுக்கு ஒரு பெயர், நோய்க்கு வேறு பெயர் வேண்டும். ஹிராட்டா நோய் என்றே விடலாம் என்பது என் கட்சி.