அப்பாவின் யாளிக்கு மூன்று நகம்: சி.என்.சி. மெஷின் வாங்கலாமா?

உளிச்சத்தம் எழுதியது:

வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில் மரச் செதுக்கு வேலை செய்கிறேன். வயது 41. உளி பிடித்தது 14 வயதில். அப்பாவுக்கு 72. கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து அவர் செதுக்குவதில்லை. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் செதுக்குவதில் குறை கண்டுபிடிப்பார். தலைவாசல் கதவு, பூஜை அறைக் கதவு, ஊஞ்சல் பலகை, இவைதான் பிழைப்பு. முன்பு நாலு பேர் இருந்தோம். இப்போது நானும் ஒரு பையனும். அவனும் போனை விட்டு உளியை எடுக்க மதியம் ஆகிவிடுகிறது.

கணினியில் ஏற்றிய டிசைன்படி தானாக மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். நாலுக்கு எட்டு அடி மேஜை, 3 கிலோவாட் ஸ்பிண்டில் (வெட்டும் முனையைச் சுழற்றும் மோட்டார்), 7 லட்சத்துச் சொச்சம். கடன் கிடைக்கும். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். அப்பா வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்குப் பயம்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன மாதம் திருப்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். செருப்பைக் கழற்றும்போதே தலைவாசல் கதவு கண்ணில் பட்டது. கீழ்ப் பலகையில் முன்காலைத் தூக்கி நிற்கும் யாளி, சுற்றிலும் கொடி. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். தூக்கிய காலில் மூன்று நகம். நாலாவது நகம் இருக்க வேண்டிய இடத்தில் கொடியின் ஒரு சுருள்.

அந்தச் சுருளை எனக்குத் தெரியும். 2009-இல் அப்பா ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குச் செய்த கதவு அது. பர்மா தேக்கு, பழைய வீடு இடித்த உத்திரத்தில் அறுத்தது. நல்ல வைரம்தான், ஆனால் சரியாக நாலாவது நகத்தின் இடத்தில் முடிச்சு விழுந்துவிட்டது. உளி வைத்தால் சிம்பு கிளம்பும். அப்பா இரண்டு நாள் அந்தப் பலகையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து, பக்கத்தில் ஓடிய கொடியை இழுத்து வளைத்து, முடிச்சையே சுருளின் நடுக்கண்ணாக்கிவிட்டார். நகம் சுருளுக்குப் பின்னால் போய்விட்டது. நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பூர்க் கதவில் முடிச்சே இல்லை. ஆனால் சுருள் இருக்கிறது, நகம் இல்லை. "மெஷின் வேலை, ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துட்டாங்க" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அப்புறம் விசாரித்தால், அந்த யாளி ஒரு ஃபைலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். 300 டிசைன் அடங்கிய ஒரு பென்டிரைவில் அதுவும் ஒன்று.

இரண்டு கேள்வி. ஒன்று, மெஷின் வாங்கலாமா? இரண்டு, நானும் வாங்கினால் அதே பென்டிரைவை வைத்துக்கொண்டுதானே பிழைக்க வேண்டும்?

—

கோவை ரவுட்டர் எழுதியது:

அண்ணா, பத்து வருசமாக கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க் செய்கிறேன். மெஷின் விற்கிறவன் இல்லை, ஓட்டுகிறவன். அதனால் உள்ளதைச் சொல்லலாம்.

விற்க வருகிறவர் காட்டும் வீடியோவில் கதவு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். கணக்கு வேறு. ஒரு சதுர அடி எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு 305 மி.மீ. முகம், நகம் எல்லாம் தெளிவாக வர வேண்டுமென்றால் கடைசி ஓட்டத்துக்கு நுனி 1 மி.மீ. உள்ள கூர்பிட், அதாவது சுழன்று வெட்டும் முனை. அது ஒவ்வொரு முறையும் 0.25 மி.மீ. தள்ளித் தள்ளிப் போக வேண்டும். ஆக 1,220 கோடு. ஒரு கோட்டுக்கு 305 மி.மீ. என்றால் மொத்தம் 372 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகம் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பிட் மேலும் கீழும் ஏறி இறங்குகிற இடத்தில் அந்த வேகமும் கிடைக்காது, இரண்டரை என்று வையுங்கள். இது ஒரே ஒரு சதுர அடிக்கு. நடுவில் கரண்ட் போனால் உங்கள் பாடு. இடைவெளியை 0.5 ஆக்கினால் நேரம் பாதி, ஆனால் சீப்பு வாரின மாதிரி கோடு தெரியும். அந்தத் திருப்பூர்க் கதவைச் சாயங்கால வெயிலில் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

பெருவெட்டு, அதாவது நுணுக்க வேலைக்கு முன் வேண்டாத மரத்தை மொத்தமாகக் கழிப்பது, அது மட்டும் வேறு கதை. 6 மி.மீ. பிட், ஓட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம். முக்கால் அங்குல ஆழத்துக்கு ஒரு சதுர அடி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். கொட்டாப்புளியால் அடித்து அடித்து எடுக்கிற அந்த வேஸ்ட் மரம் முழுக்க மெஷினுக்குக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் மெஷின் காசுக்கு ஏற்ற வேலை செய்வது அங்கேதான்.

யாளி எப்படிப் போயிருக்கும் என்று கேட்டீர்கள் என்றால், ஸ்கேனர்கூட வேண்டாம். போனில் சுற்றிச் சுற்றி ஐம்பது அறுபது படம் எடுத்தால் போதும், அதையெல்லாம் சேர்த்து மேடு பள்ளத்தோடு உருவமாக்கிக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது. முடிச்சு எது, சுருள் எது என்று அதற்கு என்ன தெரியும்? இருந்த மேட்டை இருந்தபடி எடுத்துக்கொண்டது. எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மெஷினுக்கு டிசைன் போடும் ஆர்ட்கேம் மென்பொருளையே ஆட்டோடெஸ்க் கம்பெனி 2018-இல் நிறுத்திவிட்டது. எனக்குத் தெரிந்த கடைகளில் இன்னும் அதன் திருட்டுப் பிரதிதான் ஓடுகிறது. மென்பொருளே ஓசி என்றால் டிசைனுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

7 லட்சம் போட்டு வாங்கினால் தினம் எட்டு மணி நேரம் அது ஓட வேண்டும். உங்களிடம் அவ்வளவு ஆர்டர் இருக்கிறதா? இல்லை என்றால் ஊர்க் கதவையெல்லாம் வாங்கி ஓட்டுகிற கடைக்காரர் ஆகிவிடுவீர்கள். அது தப்பில்லை, ஆனால் அது வேறு தொழில்.

—

நிலைவாசல் எழுதியது:

எல்லாரும் கண்ணீர் விடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அந்த யாளி உங்கள் அப்பாவுடையது என்கிறீர்கள். அவர் எங்கிருந்து எடுத்தார்? ஏதாவது கோயில் மண்டபத் தூண்தானே? அதைச் செதுக்கினவனுக்கு உங்கள் அப்பா காசு கொடுத்தாரா?

—

உளிச்சத்தம் எழுதியது:

கொடுக்கவில்லை. நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

கோயில் தூணைப் பார்த்துத்தான் வரைந்தார். பழுப்புத் தாளில், முட்டை விளக்கு வெளிச்சத்தில், மண்டபத் தரையில் உட்கார்ந்து. நானும் போயிருந்தேன், எனக்கு எட்டு வயதிருக்கும். கல் யாளி நாலு பக்கமும் திரும்பி நிற்கும், அதை இரண்டு அங்குலப் பலகையில் படுக்க வைக்க வேண்டும். கழுத்து எங்கே திரும்ப வேண்டும், தும்பிக்கை எதன் மேல் விழ வேண்டும் என்று ஒன்பது தாள் கிழித்தார். எட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஒன்பதாவது கதவுக்குப் போய்விட்டது.

யாளி யாருடையதோ, எனக்குத் தெரியாது. அந்தச் சுருள் எங்களுடையது. அவ்வளவுதான் நான் கேட்பது.

—

மதுரைக் கட்டடக்காரி எழுதியது:

கட்டடக்கலை படித்து 19 வருடமாக வீடு வரைந்து தருகிறேன். என் அலுவலகத்தில் வரைபலகை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் கேன் இருக்கிறது. ஆகவே கணினியைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை.

இதைப் படித்ததும் பாரிஸ் நோத்ர் தாம் கூரை நினைவுக்கு வந்தது. 2019 ஏப்ரல் 15-இல் தீப்பிடித்து, 13-ஆம் நூற்றாண்டு ஓக் மரச் சட்டமெல்லாம் எரிந்து போனது. ஆனால் அளவு போகவில்லை. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் பல ஆண்டுகளுக்கு முன்பே லேசர் ஸ்கேனர் வைத்து அந்தக் கட்டடத்தை 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவு செய்திருந்தார். 2014-இல் இரண்டு கட்டடக் கலைஞர்கள் கூரைச் சட்டத்தைக் கட்டை கட்டையாக அளந்து வரைந்தும் வைத்திருந்தார்கள். இவ்வளவு கையில் இருக்கும்போது மெஷினில் அறுத்து அடுக்கியிருக்கலாம். அவர்கள் தச்சர்களைக் கூப்பிட்டு, கொல்லர்களிடம் பழைய மாதிரிக் கோடரி அடித்து வாங்கி, பச்சை ஓக் மரத்தைக் கையால் செதுக்க வைத்தார்கள். 2024 டிசம்பரில் கோயில் திறந்தது.

வீம்புக்குச் செய்ததில்லை. ரம்பம் நேராகப் போகும், மரத்தின் நார் நேராகப் போகாது. வளைந்த மரத்தை நேராக அறுத்தால் நார் அறுபடும். கோடரி பிடித்தவன் நாரோடு போவான். உங்கள் அப்பா முடிச்சுக்கு இரண்டு நாள் யோசித்தாரே, அதே விஷயம்தான்.

எனக்கு இதில் உறுத்துவது என்னவென்றால், அங்கே ஸ்கேன் எடுத்தது யார், அளந்தது யார் என்று பெயர் இருக்கிறது. உங்கள் யாளிக்கு ஃபைல் பெயர் "கதவு 114" என்கிற மாதிரி ஏதாவது இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்த எட்டுத் தாளையும் முதலில் ஸ்கேன் எடுங்கள். பழுப்புத் தாள் எவ்வளவு நாள் தாங்கும்? அப்புறம், என் வாடிக்கையாளர்களில் பத்தில் எட்டுப் பேர் மெஷின் கதவுதான் கேட்கிறார்கள், நானும் வாங்கித்தான் கொடுக்கிறேன். மீதி இரண்டு பேருக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. செதுக்குகிறவர் விலாசம் ஆறு மாதமாகத் தேடுகிறேன். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

—

சட்டப்புள்ளி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் சிற்பமும் வரைபடமும் கலைப்படைப்பு. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, படைத்தவர் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் பிரதி எடுத்தால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை போய்விடும் (பிரிவு 15). திருடினவன் 50 தடவை ஓட்டினால் உங்கள் உரிமை போகாது. நீங்களே மெஷின் வாங்கி ஓட்டினால் போகலாம்! வாங்குகிற யோசனை இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

2000 வடிவமைப்புச் சட்டப்படி பதிந்தால் 10 ஆண்டு, இன்னொரு 5 நீட்டிக்கலாம். ஆனால் வெளியே வருவதற்கு முன்பே பதிய வேண்டும். 2009 கதவுக்கு அது முடிந்த கதை. இனி வரைவதற்கு முடியும். பெட்டியில் இருக்கும் தாள்களை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். யார் முதலில் வரைந்தது என்பதற்குக் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

—

உளிச்சத்தம் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. மெஷின் வாங்கவில்லை. மச்சினன் பேசுவதில்லை.

திருப்பூரில் எடுத்த போட்டோவை ஒருவழியாக அப்பாவிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "தாடைக்குக் கீழ உளி போகவே இல்லையேடா, கழுத்தும் தாடையும் ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கு" என்றார். நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோவை ரவுட்டர் அண்ணனிடம் கேட்டபோது அதற்குக் காரணம் சொன்னார். பிட் மேலிருந்து நேராகத்தான் இறங்கும், நாங்கள் நக உளியைச் சாய்த்து உள்ளே குடைகிற இடத்துக்கு அது போகாது. அப்பாவுக்கு இந்தக் காரணம் தெரியாது, தேவையும்படவில்லை.

மதுரை அம்மா ஒரு பூஜை அறைக் கதவு கொடுத்திருக்கிறார். இரட்டைக் கதவு, கீழே இரண்டு பலகையிலும் யாளி. அப்பாவின் ஆறாவது தாளில் இருக்கும் யாளி, இதுவரை எந்த மரத்திலும் ஏறாதது. அதைக் கணினியில் ஏற்றிப் பெருவெட்டு மட்டும் கோவையில் எடுத்து, எல்லாப் பக்கமும் 3 மி.மீ. விட்டு வாங்கி, மீதியை இங்கே செதுக்குவது என்று முடிவு. முதல் பலகை போன வாரம் வந்தது. கையால் அடித்திருந்தால் ஆறு நாள், உண்மையைச் சொல்ல வேண்டும். தோள் வலி இல்லை.

ஆனால் ரவுட்டர் அண்ணா, ஒரு விஷயம். வலது பலகையில் ஒரு சின்ன முடிச்சு இருந்ததே, பின்பக்கமாகப் போகட்டும் என்று பென்சிலில் அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தேன். உங்கள் பையன் பலகையை இழைக்கும்போது குறியையும் சேர்த்து இழைத்துவிட்டான் போல. பலகை தலைகீழாக மெஷினில் ஏறி, முடிச்சு இப்போது யாளியின் கண் புருவத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அப்பா நேற்றிலிருந்து திண்ணையை விட்டு இறங்கி அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை. இடது பலகையில் விளிம்பில் குறி போட்டிருக்கிறேன். அங்கே இழைப்புளி படாது.