ஜி6பிடி பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சிராங்கூன் அம்மா

மகனுக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவு, ஆகாத மருந்தோ பொருளோ பட்டால் அணு உடையும்). சிங்கப்பூரில் பிறந்தவன், அதனால் தொப்புள்கொடி ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது (இங்கே 1965லிருந்து எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிறார்கள்). காமாலைக்காகச் சில நாள் நீல விளக்கு, கையில் ஆகாதவற்றின் பட்டியல் ஒன்று, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியல்தான் பழுப்பாகிப் போனது.

டிசம்பர் லீவுக்குக் காரைக்குடி போனோம். நான் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளில் அவனுக்குச் சளி, காய்ச்சல். அம்மா தெருமுனை மெடிக்கலில் "பேரனுக்குச் சளி" என்று சொல்லி நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் திரும்பி வந்த மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து குரல்: "அம்மா, கோப்பி ஓ வருது!" விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் சிறுநீர் அசல் கோப்பி ஓ, பால் இல்லாத கறுப்புக் காப்பி நிறம். அவன் உதட்டில் ரத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6.1, ரொம்பக் குறைவு. "என்ன மருந்தும்மா கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டதும் அம்மா சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். கத்தரியால் வெட்டிய துண்டு. நாலு குழியும் காலி. பெயர் அச்சடித்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது. எங்கள் துண்டில் இருந்தது "லெட்ஸ் ஐ.பி." என்ற வால் மட்டும். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைக்காரரைக் கேட்டால் "சளி மாத்திரைதாங்க, எல்லாருக்கும் கொடுக்கறதுதான்".

ரத்தம் ஏற்றினார்கள், தேறிவிட்டான். எது செய்தது என்றுதான் தெரியவில்லை. வேறு யாருக்காவது இப்படி?

தூளிக்காரி

மாத்திரையை விடுங்கள் அக்கா. ஊரில் பையன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்கினான்? பீரோவில் மடித்து வைத்த கம்பளியா?

என் அக்கா மகனுக்கு, பாட்டி பத்திரப்படுத்தி வைத்திருந்த நூல்சேலையில் தூளி கட்டினோம். அந்துருண்டை வாசம் தூக்கலாக இருந்தது. எங்களுக்கெல்லாம் அது பாட்டி வாசம், ஆசையாக மோந்து பார்த்தோம். மூன்றாம் நாள் பிள்ளை மஞ்சளில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. ரத்தத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஜி6பிடி என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் வாயில் போக வேண்டும் என்றில்லை, மூச்சில் போனாலே போதும். கம்பளிதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை அப்பா

எனக்கு நடந்தது தலைகீழ். பயந்து பயந்து எதையும் கொடுக்காமல் விட்டவன் நான். பட்டியலில் "வலி, காய்ச்சல் மருந்துகள்: கவனம்" என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு இரண்டு வயசுப் பெண்ணுக்குப் பேராசெட்டமால்கூடத் தரவில்லை. ஈரத்துணி, ஈரத்துணி, ராத்திரி முழுக்க ஈரத்துணி. விடியற்காலை ஆட்டோவில் என் மடியிலேயே வலிப்பு. கண் மேலே செருகி, கை வெட்டி வெட்டி இழுத்தது. காந்திபுரம் சிக்னலில் ஆட்டோக்காரர் நிற்கவே இல்லை.

"ஏன் காய்ச்சல் மருந்து கொடுக்கல?" என்றார் டாக்டர். "ஜி6பிடி சார்" என்றேன். "அதுக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் கேட்கிறது. தூளிக்காரி மாதிரி இதுதான், அதுதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அப்படி யாரோ சொன்னதை நம்பித்தான் நான் அன்றைக்குச் சும்மா இருந்தேன்.

தூளிக்காரி

நான் பேராசெட்டமாலைப் பற்றிப் பேசவே இல்லையே அண்ணா. அந்துருண்டையைச் சொன்னேன்.

ரிட்டயர்டு பார்மசிஸ்ட்

கோவைத் தம்பி, முதலில் உங்களுக்கு. மருந்து கொடுத்திருந்தாலும் அந்த வலிப்பு வந்திருக்கலாம். காய்ச்சல் மருந்து குழந்தையின் அசதியைக் குறைக்கும்; ஆனால் வலிப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். வழக்கமான அளவில் பேராசெட்டமால் பெரும்பாலான ஜி6பிடிகாரர்களுக்குக் கெடுதல் செய்வதில்லை. எடைக்குத் தக்க அளவு என்பதுதான் முக்கியம். சளி மாத்திரையிலும் அது இருக்கும், தனியாக சிரப்பும் கொடுப்பார்கள், இரண்டு பங்காகிவிடும்.

சிராங்கூன் அம்மாவுக்கு. மருந்தும் இல்லாமல், கம்பளியும் இல்லாமல், அந்தக் காய்ச்சலே இதைச் செய்திருக்கலாம். கிருமித்தொற்று வந்தாலே இவர்களுக்குச் சிவப்பணு உடையும். நொதி தேய்ந்த வயதான அணுக்கள்தான் முதலில் போகும். தூண்டியது எதுவானாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால்தான் கடைசியாகக் கொடுத்த மாத்திரை மேல் பழி விழுகிறது.

நிச்சயமாக ஒதுக்க வேண்டியவை: மலேரியாவுக்குத் தரும் பிரைமாக்வின், தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்து, சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபியூரன்டாயின். சளிக்கு நல்லது என்று வைட்டமின் சியை மருந்து அளவில் அள்ளிப் போடாதீர்கள், நரம்பில் ஏற்றவே கூடாது. ஆரஞ்சுப் பழம் தாராளமாகச் சாப்பிடலாம். காய்ச்சலில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஆஸ்பிரின் கூடாது, ஜி6பிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நிமசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து 12 வயசுக்குக் கீழே இந்தியாவில் 2011லேயே தடை. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப் நாலு வயசுக்குக் கீழே வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உத்தரவே வந்தது.

பரிசோதனையிலும் ஒரு சூது உண்டு. அணு உடைந்த கையோடு பார்த்தால் புதிய அணுக்களே மிஞ்சியிருக்கும், அவற்றில் நொதி நிறைய, முடிவு நார்மல் என்று வரலாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மகனுக்கு இது தாய்வழியாக வருவது, அதனால் தாய்மாமன்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் அனுபவம் சின்னது. வேலையில் சேர்ந்த புதிது. மலேரியாவுக்குப் பிரைமாக்வின் வாங்கிப் போன லாரி டிரைவர் நாலாம் நாள் வந்து, ஒரு சோடா பாட்டிலைக் கவுன்ட்டரில் வைத்தார். உள்ளே அவருடைய சிறுநீர், கடுங்காப்பி நிறத்தில். "இது உங்க மாத்திரை கொடுத்தது" என்றார். சண்டை போடவில்லை, திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜொகூர் பையன்

ஐயா, அனுபவத்தைக் கேட்டால் பாடம் நடத்துகிறீர்களே 🙂 ஆனால் தாய்மாமன் விஷயம் எனக்குப் புதிது, இன்றைக்கே மாமாவுக்குப் போன் போடுகிறேன்.

எனக்கும் ஜி6பிடிதான். சளி என்றதும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு மஞ்சள் வேர்க் கஷாயம் கொண்டுவந்தார், ஹுவாங் லியான். மகா கசப்பு. அம்மா கிளாஸைத் தட்டிவிட்டார், ஆன்ட்டி முகம் செத்துப் போனது. ஜி6பிடி குழந்தைகளுக்கு ஆபத்து என்று சிங்கப்பூரில் 1978இல் அதைத் தடை செய்து, 2013இல் தடையைத் தளர்த்தினார்கள் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஆன்ட்டி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எதையும் கொண்டுவரவில்லை. இருபது வருஷமாச்சு.

சிராங்கூன் அம்மா

எல்லாருக்கும் நன்றி. தூளிக்காரி, அம்மாவிடம் கேட்டேன். கம்பளிதான். பீரோவிலிருந்து எடுத்ததுதான். இரண்டு உருண்டை அதற்குள்ளேயே இருந்ததாம், உதறிப் போட்டாராம். "நீங்களும் சின்னதில் அதில்தானடி படுத்தீங்க" என்று அழுகிறார்.

பார்மசிஸ்ட் ஐயா, அந்த அட்டைத் துண்டு இன்னும் என் பர்சில் இருக்கிறது. பின்பக்கம் படம் எடுத்து அனுப்பினால் என்ன மாத்திரை என்று சொல்ல முடியுமா?

ரிட்டயர்டு பார்மசிஸ்ட்

அனுப்புங்கள் அம்மா, பார்க்கிறேன். ஆனால் அந்த "லெட்ஸ் ஐ.பி." பாதி அட்டைகளில் இருக்கும். டேப்லெட்ஸ் என்பதன் மிச்சம் அது, ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரநூலின் குறி.