இன்ஸ்டன்ஸ்: "உருப்படி" என்று வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

நிரலாக்கத்தில் வரும் 'இன்ஸ்டன்ஸ்' (instance) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சான்றுரு, நேர்வு இரண்டுக்கும் ஆதரவு இருக்கிறது. நான் மூன்றாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: உருப்படி. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாலை வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் காரணம் விளங்கும்.

வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். குடியாத்தம், அணைக்கட்டு, ஆம்பூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள், பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். ஜாவா என்ற நிரல்மொழியில் வலைச் செயலி எழுதப் பழகுகிறோம். பயிற்சிக்கு எடுத்தது லாட்ஜ் அறை முன்பதிவு, ஏனென்றால் மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் காந்தி ரோட்டில் பையும் ரிப்போர்ட்டுமாக அறை தேடி அலைவதை வேலூர்ப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். 'அறை' என்பது கிளாஸ் (class), அதாவது எல்லா அறைக்கும் பொதுவான வார்ப்பு. எண், வாடகை, எத்தனை கட்டில், காலியா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் 101, 102, 203 என்ற தனித்தனி அறைகள் அதன் இன்ஸ்டன்ஸ்கள். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் சர்வ்லெட்டில், அதாவது உலாவியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரலில் வந்தது. ஒரு மாணவி, தங்க வருபவரின் பெயரை சர்வ்லெட் கிளாஸிலேயே ஒரு மாறியில் (variable) வைத்திருந்தாள். தனியாக ஓட்டிப் பார்த்தவரை ஒழுங்காக வேலை செய்தது. வகுப்பில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் திறந்ததும் ஒருவர் பதிவில் இன்னொருவர் பெயர் வந்து நின்றது. சர்வர் ஒரு சர்வ்லெட்டுக்குச் சாதாரணமாக ஒரே ஒரு இன்ஸ்டன்ஸைத்தான் உருவாக்கும், வரும் கோரிக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இணையாக ஓடும் தனித்தனி த்ரெட்டுகளில் (thread) அந்த ஒன்றுக்குள்ளேயே நுழையும், அதனால் அதில் உள்ள மாறி எல்லாருக்கும் பொதுவாகிவிடும். ரூபி என்ற நிரல்மொழியில் வலைச் செயலி எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில், கோரிக்கையைக் கவனிக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒன்று பிறக்கிறது, அங்கே இதே தவறு கண்ணில் படாமலே போயிருக்கும். ஆக, வலைச் செயலி எழுதுகிறவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டியது "இது எத்தனை இருக்கிறது?" என்பதைத்தான்.

அன்று "சர்வ்லெட்டுக்கு ஒரே சான்றுருதான்" என்று நான் விளக்கினேன். "சான்றுன்னா சர்டிஃபிகேட் தானே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதில் தவறே இல்லை. அப்புறம், "சலவைக்குப் போடும்போது எத்தனை உருப்படி என்று கேட்பார்களே, அதுபோல சர்வ்லெட் ஒரே உருப்படி" என்றேன். அந்தப் பெண் உடனே, "அப்போ எட்டுப் பேரும் ஒரே சட்டைய மாட்டிக்கிட்டு இருக்கோம்" என்றாள். நான் சொல்லாமலே மாறியைச் செயற்கூறுக்குள் (method) நகர்த்திவிட்டாள், அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது தனித்தனியாகிவிடும்.

சான்றுருவின் குறை இதுதான். ஆங்கிலச் சொல்லுக்கு 'உதாரணம்' என்றும் ஒரு பொருள் இருப்பதால் நாம் அந்தப் பக்கம் போய்விட்டோம். 203ஆம் அறை 'அறை'க்கு உதாரணம் அல்ல, தனிப் பூட்டும் தனிச் சாவியும் உள்ள ஓர் அறை. நேர்வு என்றால் ஏதோ நடந்தது போல ஒலிக்கிறது. இழையில் மற்றவர்கள் எழுப்பிய இரண்டு மறுப்புகளை எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறேன்.

> உருப்படி கொச்சை. உருப்படாதவன் என்ற வசைதான் நினைவுக்கு வருகிறது.

ஐயா, வசையில் இருப்பதும் நல்ல வேர்தான். உருப்படுதல் என்றால் உருவம் பெறுதல். கிளாஸ் எழுத்தில் கிடக்கிறது, நிரலில் நியூ (new) என்று கட்டளையிட்டதும் நினைவகத்தில் உருப்படுகிறது. கச்சேரியில் பாடும் கீர்த்தனையையும் உருப்படி என்றுதானே சொல்கிறோம், அங்கே யாரும் கொச்சை என்பதில்லை.

> ஆப்ஜெக்டுக்குப் 'பொருள்' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

இந்தக் கேள்விக்காக நான் நிறைய யோசித்தேன். நிரலில் உருவாகும் ஒவ்வொரு தனி அலகையும் ஆப்ஜெக்ட் (object) என்கிறோம். பொருள் என்றால் அது என்ன என்று தெரிகிறது, எதன் வழி வந்தது என்று தெரிவதில்லை. ரூபியில் கிளாஸே ஒரு பொருள்தான். 'அறை' என்ற கிளாஸ், 'கிளாஸ்' என்னும் கிளாஸின் உருப்படி. 203 அந்த 'அறை'யின் உருப்படி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள், இரண்டாவது வாக்கியத்திலேயே குழம்பிவிடும்.

கூட்டுச் சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன. உருப்படி மாறி, உருப்படிச் செயற்கூறு, ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் மட்டும் உருவாகும்படி எழுதும் சிங்கிள்டனுக்கு (singleton) ஒற்றை உருப்படி. கிளவுடில் சர்வர் வாடகைக்கு எடுக்கும்போதும் "இரண்டு உருப்படி ஓடுகிறது" எனலாம்.

எனக்கு ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. கிளாஸுக்குப் பள்ளிப் பாடநூலில் இனக்குழு என்று இருக்கிறது. "இனக்குழுவின் உருப்படி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மனிதர்களைக் குறிக்கும் சொல், ஜவ்வாது மலையிலிருந்து வரும் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிப் பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. 'வகுப்பு' என்பதற்கும் வேறு சிக்கல்கள் உண்டு, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

விக்சனரியில் சேர்க்கும் முன் ஞாயிறு வரை காத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இன்ஸ்டன்ஸை உருவாக்குவதைக் குறிக்கும் இன்ஸ்டன்ஷியேட்டுக்கு (instantiate) "உருப்படியாக்கு" என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது, நீளம்தான். "உருப்படுத்து" போதுமா?